மூன்று நகக்கீறல்

"ஆப்பிள் துன்னா ரத்தம் ஊறுமாக்கா?"

ஜிஎஸ்டி சாலையோரம், ஆஸ்பத்திரி வாசலில் விஜயகுமாரி பழவண்டி போட்ட முதல் நாள், செய்யூர் பக்கத்து ஆள் ஒருவர் அப்படிக் கேட்டார். உள்ளே அவர் மனைவி படுத்திருந்தாள்.

ஊறும் என்று விஜயகுமாரி சொல்லிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வாய் வரவில்லை.

நோயாளிகளுக்குச் சாப்பாட்டு அட்டவணை எழுதுகிற மேடம் பிறகு ஒரு நாள் விளக்கினார். ஆப்பிளில் இரும்புச்சத்து சொற்பம்தான். ஆனால் நார்ச்சத்து உண்டு. வயிற்றுக்கு நல்லது, இதயத்துக்கும் நல்லது. தோலில்தான் நிறையச் சத்து, சீவி எறியக் கூடாது.

அதிலிருந்து அவள் யாரிடமும் ரத்தம் என்று சொல்வதில்லை. கழுவித் தோலோடு கொடுங்கள் என்று மட்டும் சொல்வாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேரி வருவாள். வார்டு கூட்டுகிறவள். கட்டிலடியில் யாரோ விட்டுப்போன ஆப்பிள்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொள்வாள்.

"இன்னாடி விஜயா, உன் ஆப்பிளுக்குக் காலு மொளச்சிடுச்சா? திரும்பித் திரும்பி உன்னாண்டயே வந்துகினு கீது."

விஜயகுமாரியும் சிரிப்பாள்.

புதுப் பழத்தோடு கலந்துவிடாமல் இருக்க, திரும்பி வந்ததன் காம்புக் குழியில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைப்பாள். பிறகு ஈரத்துணியால் துடைத்து முன்வரிசையில் அடுக்குவாள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் ஆப்பிளை விட்டுவிட்டுப் போவதில்லை. பிளாஸ்டிக் குவளையைக்கூட எடுத்துப் போகிறார்கள்.

அதன்பின்னும் அவள் மேரியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வாரம் ஒரு ஆப்பிள் ஏழே நாளில் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று கீறல். கீறிய இடம்கூடக் கறுக்கவில்லை. பெட்டி பிரித்த அன்றைக்கு இருந்ததைவிட இன்னும் சிவந்து, துடைக்கத் துடைக்கப் பளபளத்தது.

அதை விற்கக் கை வரவில்லை. குப்பையில் போடவும் பயமாக இருந்தது, மாடு தின்னுமே என்று. காகிதத்தில் சுற்றி, வண்டியின் பின்மூலையில் தராசுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

நான்கு நாளாக ரோஹித் உள்ளே இருக்கிறான். டெங்கு. அவளுடைய ஒரே மகன். ஒன்பது வயது, முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை. பழக்காரி மகன்தான், ஆனாலும் இதுவரை ஒரு ஆப்பிள் தின்றதில்லை. உடம்புக்கு வந்தால்தானே வீட்டில் ஆப்பிள்.

கூட இருக்க ஒருவருக்குத்தான் பாஸ். பகலில் அவள் கணவன் பூபாலன், இரவில் அவள்.

இன்று காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. அவனாகவே ஆப்பிள் கேட்டான். புதுப் பெட்டி பிரித்து நல்லதாக எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போனாள்.

இரண்டு மணிக்குத் திரும்பியபோது பூபாலன் வண்டிக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நாலு நாளில் முதல் முறையாக அவன் முகத்தில் சிரிப்பு.

"புள்ளைக்குன்னு காயிதத்துல சுத்தித் தனியா வச்சிருந்தியே, அத்த எடுத்தும்போய்க் குடுத்துட்டேன். நீ சொல்ற மாதிரிதான், கழுவி, தோலோட. இன்னா பளபளப்பு விஜயா!"

அவள் தராசைத் தூக்கிப் பார்த்தாள். கசங்கிய காகிதம் மட்டும் கிடந்தது.

"ஓடு" என்றாள். "அத்தப் புடுங்கினு வா."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் குரலைக் கேட்டு டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினான்.

அவள் கேட்டுக்குப் போனாள். நாலு மணிக்குத்தான் விடுவோம் என்றார் காவலாளி. வண்டிக்கு வந்தாள். மறுபடியும் கேட்டுக்குப் போனாள்.

திருப்போரூர் பஸ் ஒன்று நின்று போனது. யாரோ அரை கிலோ கேட்டார்கள். அவளுக்குக் காதில் விழவில்லை.

பூபாலன் திரும்பி வரவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது.

மூன்று மணிக்கு மேரி வந்தாள்.

ஆறு மணிக்கு வருகிறவள். தூரத்திலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவள். இன்று தலையைக் குனிந்தபடி வந்தாள். கையில் பை இல்லை. புடவைத் தலைப்பில் எதையோ பொதிந்து பிடித்திருந்தாள்.

அதை எடுத்து, மற்ற பழங்களின்மேல் படாமல், தராசுத் தட்டில் வைத்தாள்.

ஒரு ஆப்பிள். கடித்த ஆப்பிளை மேரி இதுவரை கொண்டுவந்ததே இல்லை. இதில் ஒரே ஒரு கடி இருந்தது. கடியின் நடுவில், ஒரு பல் அகலத்துக்குச் சதையும் சிவப்புத் தோலும் அப்படியே நின்றன.

விஜயகுமாரியின் கட்டைவிரல் தானாகவே காம்புக் குழிக்குள் போனது. ஒன்று. இரண்டு. மூன்று.

பழக்கத்தில் நகம் இன்னொரு முறை அழுந்தியது. அவள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

மேரி வாழைப்பழத்தைத் தொடவில்லை. வந்த வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.