இரண்டு துண்டு டோஸ்டர்

சமையலறைக்கு வேண்டிய சாமானைச் சமையலறையே தேர்ந்தெடுக்கும் வழக்கம் குரோம்பேட்டையின் சின்ன ஃபிளாட்டுகளுக்கும் வந்துவிட்டது. பூங்கோதையின் வீட்டில் அடுப்புக்கும் மிக்ஸிக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். "ஒரு துண்டு போடுற குட்டி டோஸ்டர் போதும்," என்று அவள் சமையலறையிடம் சொல்லிவைத்திருந்தாள்.

வந்ததோ இரண்டு துண்டு டோஸ்டர். ஆனாலும் ஒல்லியாக, அளவெடுத்துத் தைத்தது போல அந்தச் சாணுக்குள் உட்கார்ந்துகொண்டது. கெட்டிக்காரச் சமையலறைதான் என்று மெச்சியபடியே, கணவன் குணசீலனுக்காக ஒரு துண்டைப் போட்டாள். சூடாகவே இல்லை.

"ரெண்டு துண்டும் போட்டாத்தான் இது வேலை செய்யும்மா," என்றது சமையலறை.

"முதல்ல அவர் சாப்பிடட்டும். நான் அப்புறம் சாப்பிட்டுக்குறேன்."

"அப்புறம்னா, மிச்சம் ஆறிப்போனதைத்தானே சாப்பிடுறீங்க. அதுவும் நின்னுக்கிட்டே. தினமும் பாக்குறேன். அதனாலதான் இதை எடுத்தேன்."

கூடத்திலிருந்த குணசீலனுக்கு அது கேட்டது. எதிர் நாற்காலியில் எப்போதும் குவிந்து கிடக்கும் துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டான்.

"நீயும் வந்து உக்காரு," என்றான்.

இரண்டு துண்டுகளும் ஒன்றாக எழும்பின. ரொட்டியின் சூட்டில் வெண்ணெய் தானாக உருகுவதைப் பூங்கோதை அன்றுதான் தன் தட்டில் பார்த்தாள்.