உள்ளங்கையில் ஓர் எண்

தடுப்புக் கம்பத்தின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

காருக்குள் நான்கு பேர். மரங்களுக்கு அப்பால் அணைத் தண்ணீர் ஒரு கீற்றாகத் தெரிந்தது. பின் இருக்கைப் பெண் அதைக் கண்ணாடி வழியாகவே படம் பிடித்தாள்.

"அஞ்சு மணிக்கு மேல விடறதில்லைங்க. யானை தண்ணிக்கு எறங்கற நேரம்."

ஓட்டியவன் சிரித்தான். "அதப் பாக்கத்தானேம்மா அவ்ளோ தூரத்துலருந்து வர்றோம்."

அவள் பேனாவை எடுத்து, வண்டி எண்ணை இடது உள்ளங்கையில் எழுதினாள்.

அந்த வனச் சோதனைச் சாவடியில் அதுதான் பழக்கம். முதலில் கையில். வண்டி போன பிறகு பதிவேட்டில்.

அவளுக்கு முன் அங்கே காவலிருந்த அவள் கணவன் நஞ்சனும் அப்படித்தான் எழுதுவான்.

ஓட்டியவன் யாரிடமோ பேசிவிட்டுக் கைப்பேசியை நீட்டினான். "ரேஞ்சர். பேசு."

"தெரிஞ்சவங்கம்மா. கம்பத்தத் தூக்கு. கரை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துருவாங்க."

தினக்கூலி வேலை. நஞ்சன் செத்ததற்காக அவர்தான் இரக்கப்பட்டுக் கொடுத்தார். நாளைக்கு வராதே என்று சொல்ல அவருக்கு ஒரு காகிதம்கூடத் தேவையில்லை.

போன வருடம் நஞ்சனுக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்தது. கம்பத்தைத் தூக்கினான். வழிகாட்ட வண்டிக்கு முன்னால் நடந்தான்.

வண்டி மட்டும் திரும்பி வந்தது.

அன்று மாலை எந்த வண்டியும் வரவில்லை என்றார்கள். பதிவேட்டில் எதுவும் இல்லை. தனியாகப் போய் யானையிடம் மாட்டிக்கொண்டான் என்று எழுதி முடித்தார்கள்.

உடலைக் கழுவியவள் அவள். இடது உள்ளங்கையில் மட்டும் தண்ணீர் படவிடவில்லை.

நீல மையில் அந்த வண்டி எண் அழியாமல் இருந்தது.

"என்னம்மா, கேக்குதா?"

"கேக்குதுங்க ஐயா. தொறந்துடறேன். அனுமதிச்சவருங்கற எடத்துல உங்க பேரப் போட்டுக்கட்டுங்களா?"



ரேஞ்சர் அழைப்பைத் துண்டித்தார்.

கைப்பேசியை ஓட்டியவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு இந்த எடத்துல நீ இருக்க மாட்ட, பாத்துக்க."

"இன்னிக்கு இருக்கேனுங்களே."

வண்டி பின்வாங்கி, வளைவில் மறைந்தது. சத்தம் அடங்கும்வரை நின்றாள். கீழே, கரையோரத்தில், மூங்கில் ஒடிந்தது.

உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்தாள். ஐந்து இருபது. உள்ளங்கையைப் பார்த்து எண்ணை எழுதினாள். திருப்பி அனுப்பப்பட்டது. எதிரே தன் பெயரை, எழுத்து எழுத்தாக.

பேனாவை மூடவில்லை.

அதே தடித்த பதிவேடுதான். பின்னோக்கிப் புரட்டினாள். போன வருடம். அந்த மாதம். அந்த நாள்.

கடைசிப் பதிவுக்கும் அதிகாரியின் கையெழுத்துக்கும் நடுவே ஒரு வரி காலியாக இருந்தது.

இந்த முறை எண்ணை எழுத அவள் உள்ளங்கையைப் பார்க்கவில்லை.