பூமுடியா, மொட்டையா?

பழனி அடிவாரத்து முடிக்கொட்டகையின் ஈரத் தரையில் காலை வெயில் நீளமாகக் கிடக்கிறது. நாவிதர் பாதி பிளேடைக் கத்தியில் செருகிக்கொண்டே, "நுனியில மட்டும் பூமுடியா பாப்பா, மொட்டையா?" என்கிறார். "மொட்டதாங்க," என்கிறாள் அம்மா மூக்கம்மா. "ஒங்கள யாரும்மா கேட்டா? தல பாப்பாவோடதுல்ல?" என்று அவர் சிரிக்கிறார். பலகையில் உட்கார்ந்திருக்கும் சண்முகப்பிரியா நிமிர்ந்து பார்க்கிறாள். ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தபோது ஊசி, மருந்து எல்லாவற்றுக்கும் அம்மாவிடம்தான் சம்மதம் கேட்டார்கள். முடி யாரையும் கேட்காமல் தலையணையில் உதிர்ந்தது. பிள்ளை பிழைத்து, முடி இடுப்பைத் தொட்டதும் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பதினேழு வயதில் இப்போது பின்னல் இடுப்பைத் தொடுகிறது. பயமாவது கோபமாவது வருகிறதா என்று பிரியா தனக்குள் தேடுகிறாள். ஒன்றுமே இல்லை, மலைமேல் கவுஞ்சி ஊரில் தங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் தெரியும் மூடுபனி போல வெறும் வெள்ளை. "பூமுடி போதும்ங்க," என்கிறாள். "ஏண்டி, சாமி குத்தமாயிரும்டி! வேண்டுனது நானு." "அப்ப நீ உக்காரும்மா." அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறவளின் குரல் அது. நாவிதர் பின்னல் நுனியில் மூன்று முறை கத்தரிக்கிறார். மூக்கம்மா வெகுநேரம் கத்தியையே பார்க்கிறாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டுப் பலகையில் உட்காருகிறாள். தலையை நனைக்கும் குவளையை நாவிதர் எடுப்பதற்கு முன்பே பிரியா எடுத்துவிடுகிறாள். எடுத்தவள் சாய்க்காமல் நிற்கிறாள். "தண்ணி சில்லுனு இருக்கும்மா. ஊத்தட்டுமா?"