நிற்பவளுக்கு லீவு இல்லை

"சிஸ்டர், பாட்டில் தீரப்போகுது" என்றாள் நாலாம் கட்டில்காரி.

சிஸ்டர் போய் வேறு டிரிப்ஸ் பாட்டில் மாட்டினாள். தலை சுற்றியதால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னாலிருந்து தலைமை நர்ஸ் கேட்டாள். "சிக் லீவு கேட்டுட்டு வேலை பார்க்கிறியா? ஆபீஸ்ல பார்த்தா லீவு குடுப்பாங்களா?"

"அப்ப டூட்டிக்கு வந்ததா போட்டுடுங்கக்கா. இன்னொரு ஆப்சென்ட் விழுந்தா வேலையே போயிடும்."

"யூனிஃபார்ம் இல்லாம எப்படிடி போடறது?"

"கழட்ட வெச்சதே நீங்கதானே, காலையில என்னை அட்மிட் பண்ணினப்போ."

 தலைமை நர்ஸ் அவளுடைய டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்து, அவளை ஐந்தாம் கட்டிலில் படுக்கவைத்தாள்.

"லீவு வேணும்னா, யாருக்கு என்ன ஆனாலும் எழுந்திருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வார்டில் வேறு நர்ஸ் இல்லை. ஆறாம் கட்டிலில் யாரோ மூச்சுத் திணறத் தொடங்கினார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். கால்கள் செருப்பைத் தேடின.