குட்டி கத்தாமல் இருக்க

கூடத்தில் மூன்று பேர். மேசை முன்னால் வீட்டுக்காரர், சன்னலோரம் அவருடைய அக்கா, வாசல் பக்க நாற்காலியில் ஆட்டுக்காரம்மா. அவள் மடியில் குள்ள ஜாதி ஆட்டுக்குட்டி ஒன்று மிரண்டு விழித்தது.

"எங்களுக்கு இது புதுசு. தாயைப் பிரிஞ்சா குட்டி ரொம்பக் கத்துமா?" என்றார் வீட்டுக்காரர்.

இத்தனை அக்கறையாகக் கேட்கிறாரே என்று ஆட்டுக்காரம்மாவுக்கு மனம் குளிர்ந்தது.

"ரெண்டு மூணு நாள் கத்தும் சார். தாயோட குரல் மட்டும் காதுல விழக்கூடாது. விழுந்துச்சோ, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுடும்."

"வாசனை?" என்றாள் அக்கா.

"அதுவும் ஆகாதும்மா. தாய் படுத்த துணியைக்கூட வைக்காதீங்க."

"அதெல்லாம் காலையிலேயே எரிச்சாச்சு."

ஆட்டுக்காரம்மாவுக்கு விளங்கவில்லை. தாய் ஆடு படுத்த சாக்கு அவளுடைய கொட்டகையில்தான் கிடந்தது.

"இன்னொண்ணு சார். ஒத்தையா விட்டா ஏங்கிப் போயிடும். துணைக்கு ஒரு குட்டி வேணும்."

"அதுக்குத்தானே இதை வாங்குறோம்" என்ற வீட்டுக்காரர், உள்ளே திரும்பி, "குட்டி, இங்க வாடா கண்ணு" என்றார்.

அழுது வீங்கிய முகத்தோடு நாலு வயதுப் பெண் குழந்தை வந்து நின்றது. ஆட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அம்மா எப்பப்பா வருவா?"

ஆட்டுக்காரம்மா தன் குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் மேசையிலிருந்த கடிதத்தை மடித்து உறையிலிட்டு ஒட்டினார்.

"இனிமே இந்தப் பக்கமே வராதேன்னு அவளுக்கு எழுதிட்டேன். இப்பவே போட்டுடுக்கா. வாசல்ல நின்னு அவ குரல் குடுத்தா, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுடும்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினாள்.