அடுத்த வாய்தா

"எங்க ஊரு மெட்ராசுக்குப் போயிடுச்சு சாமி. கேசும் கூடவே போயிடுமா?"

வக்கீல் தோதாத்ரியின் மேசைக்கு முன்னால் நின்றபடியே கேட்டாள் ரத்தினம்மா. திருத்தணிப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. எல்லைக்கோடு மாறி, போன வாரம்தான் அந்த ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்குப் போயிருந்தது. இனி வக்கீல் இருக்கும் இந்தச் சித்தூர் அவளுக்கு வேற்று ராஜ்யம்.

தோதாத்ரி சுவரோரம் குந்தியிருந்த அவள் மாமியார் வெங்கடம்மாவைப் பார்த்தார். கிழவியின் தலையில் இப்போதுதான் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. மகன் கன்னையாவுக்காகத் திருமலைக்குப் போய் மொட்டை போட்டு வந்தவள்.

வரப்புத் தகராறில் நடந்த ஒரு கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றவன் கன்னையா. அப்பீலை முதலில் சென்னையில் போட்டார் தோதாத்ரி. ஆந்திரா பிரிந்ததும் கேஸ் கட்டு குண்டூருக்குப் போனது. பிறகு ஐதராபாத்துக்கு. மாமியாரும் மருமகளும் வந்து வாய்தா எப்போது என்று கேட்பார்கள். அவரும் ஏதோ ஒரு மாதத்தைச் சொல்லி அனுப்புவார்.

"அவரை ஒரு தபா பாத்துட்டு வரட்டா சாமி? ராஜமந்திரி ஜெயிலு எம்மாந்தூரம்?"

"அப்பீல் முடியட்டும்மா."

"இதையேதான் சொல்லிக்கினு கீறீங்க."

"சாமியையே எதுத்துப் பேசறியா?" வெங்கடம்மா அதட்டினாள். "முதல்ல நெத்தியப் பாரு. வேர்வையில பொட்டு கலைஞ்சு கெடக்குது. இந்த மூஞ்சியோட நின்னா உம் புருசன் மறுபடி ஜெயிலுக்கே ஓடிப்புடுவான்."

ரத்தினம்மா சிரித்துவிட்டாள். முந்தானையால் நெற்றியை ஒற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

தோதாத்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார்.

"நான் இந்த மாசத்தோட தொழிலை விடறேன்மா. போறதுக்கு முன்னாடி இந்த வழக்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

கழற்றிய கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். எதிரே கோர்ட்டு வாசலில் டவாலி யார் பெயரையோ மூன்று தரம் கூவினான். யாரும் குரல் கொடுக்கவில்லை.

"ரத்தினா, பஸ்ஸு வந்துச்சான்னு போய்ப் பாத்துட்டு வா," என்றாள் வெங்கடம்மா சட்டென்று.

மருமகள் படி இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து மேசையருகே வந்தாள்.

"நான் மலைக்குப் போகலை சாமி. ரேணிகுண்டாவுல ரயில் ஏறி ராஜமந்திரிக்குப் போனேன்."

தோதாத்ரி நிமிர்ந்தார்.

"புள்ள காய்ச்சல்ல போயி ரெண்டு வருசமாச்சுன்னாங்க. சேதிய அப்பவே வக்கீலுக்கு அனுப்பிட்டோம்னு சொல்லி, பொதைச்ச எடத்தைக் காட்டுனாங்க. வரச்சே, அவ நம்பணுமேன்னு வழியில மொட்டை போட்டுக்கினேன்."

படியில் ரத்தினம்மாவின் காலடி கேட்டது. கிழவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொட்டு இருக்கட்டும் சாமி. வாய்தா சொல்லுங்க."