அப்பாவுக்குத் திறந்த பூட்டு

“இந்தத் தடவையும் ஏதாவது ஒரு வாண்டு உள்ளே புகுந்துச்சுன்னா, நாம எல்லாரும் கடையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்மா. சொல்லிட்டேன்.”

முதலாளி மேஜையைத் தட்டினார். எதிரில் உட்கார்ந்திருந்தவள் அசரவில்லை. அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர்.

குழந்தைகள் வீட்டிலிருந்தே பாடம் படிக்கிற செயலி அவர்களுடையது. அதில் பெற்றோர் பக்கம் என்று ஒன்று உண்டு. குழந்தையோடு வெளியாட்கள் பேசலாமா கூடாதா என்று முடிவு செய்கிற பொத்தான் அங்கேதான் இருந்தது. அந்தப் பக்கத்துக்குள் பிள்ளைகள் நுழையாதபடி பூட்டுப் போடுவது அவள் வேலை.

போட்ட பூட்டையெல்லாம் பிள்ளைகள் ஊதித் தள்ளிவிட்டார்கள். பெருக்கல் கணக்குக் கேட்டாள். பெற்றவர்களைவிட வேகமாகப் போட்டார்கள். பிறந்த வருஷம் கேட்டாள், கூசாமல் புளுகினார்கள். கடவுச்சொல் வைத்தாள், அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உள்ளே போய் அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டாள். முன்பின் தெரியாத எவனோ அவளிடம் ஃபோட்டோ கேட்டிருக்கிறான். நல்லவேளை, அம்மா பார்த்துவிட்டாள்.

பள்ளிக்கூடங்கள் கொதித்துப் போயின. இன்று மதியம் பள்ளி நிர்வாகிகள் வருகிறார்கள். புதுப் பூட்டில் நம்பிக்கை வராவிட்டால் செயலியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

“சரி, புதுப் பூட்டு எப்படி வேலை செய்யுது? அதைச் சொல்லு.”

“முதல்ல நீங்க திறந்து பாருங்க சார். அப்புறம் சொல்றேன்.”

“எனக்கேவா?”

“விஷயம் கசிஞ்சா பூட்டு போச்சு சார். உங்க வீட்லயும் ஒரு வாண்டு இருக்கே.”

நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. அதோடு குறுகுறுப்பு வேறு தாங்கவில்லை. கைப்பேசியில் மகளின் கணக்கை எடுத்து, பெற்றோர் பக்கத்தைத் தொட்டார்.

‘உங்கள் குழந்தை எதைக் கண்டால் பயப்படும்?’

“ப்பூ, இதானா! செயலியில சேரும்போது பிள்ளைங்ககிட்டே கேட்டுப் பதில் வாங்கி வெச்ச கேள்வியாச்சே!” என்று சிரித்தபடி ‘இருட்டு’ என்று அடித்தார்.

‘வளர்ந்து என்னவாக ஆசைப்படுகிறாள்?’

“டாக்டர். அவ பிறந்த அன்னிக்கே முடிவு பண்ணியாச்சு.”

‘தட்டில் எதை ஒதுக்கி வைப்பாள்?’

“எதையும் ஒதுக்க மாட்டா. அப்படி வளர்த்திருக்கோம்.”

‘நெருங்கிய சிநேகிதி யார்?’

கொஞ்சம் யோசித்தார். “அதான், மேல் மாடியில குடியிருந்தாங்களே, அந்த ரெட்டைச் சடைப் பொண்ணு...” பெயரை ஞாபகப்படுத்திக்கொண்டு அடித்தார்.

டக்கென்று திறந்தது.

முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. “பார்த்தியா? வேலை வேலைன்னு வீட்டையே மறந்துட்டேன்னு எனக்குத் தினமும் அர்ச்சனை நடக்குது. இதைக் காட்டணும் என் பொண்டாட்டிகிட்டே!”

பூட்டுக்காரி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

சோதனைக்காகச் சில வீடுகளுக்கு மட்டும் பூட்டை நேற்றே அனுப்பியிருந்தார்கள். முதலாளியின் வீடும் அதில் ஒன்று. அவர் உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

“அப்பா! காலையிலேருந்து முட்டி மோதிக்கிட்டிருக்கேன். திறக்கவே மாட்டேங்குது!” என்று மகள் கத்தினாள்.

“சபாஷ்! அப்படித்தான் இருக்கணும். அம்மாகிட்டே கொடு.”

“அவளை விடுங்க, எனக்கே திறக்கலை” என்றது மனைவியின் குரல். “பெத்தவளையே வாசல்ல நிறுத்துது உங்க பூட்டு.”

“நீ என்னத்தைத் தப்புத் தப்பா அடிச்சியோ! என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிக் கொடுத்திருப்பேன்ல?”

பதிலுக்கு ஒரு ‘ம்க்கும்’ வந்தது. அதோடு ஃபோன் வைக்கப்பட்டது.

முதலாளி சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “மத்த வீடுகள்ல எப்படி? எத்தனை பிள்ளைங்க திறந்தாங்க?”

“ஒருத்தர்கூட இல்லை சார்.”

“பெத்தவங்க?”

“அநேகமா எல்லாரும் திறந்துட்டாங்க. சில அம்மாக்கள், ஒண்ணு ரெண்டு அப்பாக்கள் மட்டும் மாட்டிக்கிட்டாங்க. அவங்க நமக்கு ஃபோன் பண்ணினா நாமளே திறந்து விட ஏற்பாடு பண்ணியிருக்கேன்.”

“ஜெயிச்சுட்டோம்மா!” முதலாளி துள்ளி எழப் போனார். பாதி எழுந்தவர், ஏதோ இடிக்க, அப்படியே நின்றார். “ஆனா ஒண்ணு புரியலையே. பிள்ளைங்க சொன்ன பதிலைத்தானே கேட்கறோம்? அப்போ அவங்கதானே முதல்ல திறக்கணும்? எப்படித் திறக்காமப் போச்சு?”

பூட்டுக்காரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அந்தக் கேள்விக்கெல்லாம் பிள்ளைங்க சரியாத்தான் பதில் சொல்றாங்க சார். பெரியவங்கதான் தப்பு விடறாங்க. எந்த வீட்ல பார்த்தாலும் இதே கதை. அதனால...” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தப்பாச் சொன்னா மட்டும் திறக்கற மாதிரி வெச்சுட்டேன்.”

முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். மேஜைமேல் கிடந்த கைப்பேசியில் பெற்றோர் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அப்போ... என் பொண்டாட்டிக்கு ஏன் திறக்கலை?” என்று கேட்டார், பதில் தெரிந்துவிட்ட குரலில்.

“அவங்க எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டாங்க சார்.”